விண்ணும் உள்ளமும்

இருந்த இடத்தில் இருந்தவாறே எங்கும் சென்று மீளவல்லது மனித உள்ளம். அவ்வுள்ளத்தைத் தாங்கிய உடலோ மண்ணின் ஈர்ப்புக்கு அடங்கியது. உள்ளம் செல்லும் இடமெல்லாம் உடலும் செல்லுதல் வேண்டும் என்னும் வேட்கையே விண்வெளிப் பயணம் பற்றிய புதினங்களைத் தோற்றுவித்தது. வியப்பு யாதெனில், அப்புதினங்களுள் பல மீண்டும் உள்ளத்தையே துணைக்கு அழைத்தன. பிறர் நெஞ்சில் உள்ளதை அறிதல், வாய்ச்சொல் இன்றிச் செய்தி அனுப்புதல், வரப்போவதை முன்னரே காணுதல் முதலிய உளவாற்றல்கள் இராக்கெட்டோடு சேர்ந்து ஒரே கதையில் இடம்பெற்றன. ஒன்று பொறியியல், மற்றொன்று மாயம் போன்றது. இவை இரண்டும் கைகோத்தமைக்குக் காரணம் தொலைவு என்னும் ஒன்றேயாம்.

தொடக்கக் காலப் புதினங்களுக்கு உளவாற்றல் தேவைப்படவில்லை. அவை நாடிய இடம் அண்மையில் உள்ள திங்களே. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865-ஆம் ஆண்டு வெளியிட்ட திங்கட் பயணக் கதையில், அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் 900 அடி நீளமுள்ள பீரங்கி ஒன்று நிலத்தினுள் வார்க்கப்படுகின்றது. அதனின்று பாயும் குண்டினுள் மூவர் அமர்ந்து செல்கின்றனர். குண்டு புறப்படும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்று அவர் எழுதினார். புவியின் ஈர்ப்பினின்று விடுபடத் தேவையான வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அவர் கதையில் பெரும் பிழை ஒன்று இருந்தது. பீரங்கி வெடித்தவுடனேயே அத்துணை வேகத்தை அடையும் குண்டினுள் இருப்போர் அக்கணமே நசுங்கி மாய்வர். திங்களைக் காண எவரும் எஞ்சியிரார்.

அப்பிழையைத் திருத்தும் வழியைக் காட்டியவர், வெர்னின் கதைகளைப் படித்து ஊக்கம் பெற்ற உருசியப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி. படிப்படியாக வேகத்தைப் பெருக்கிக்கொள்ளும் இராக்கெட்டே விண்பயணத்திற்கு ஏற்றது என்பதை அவர் 1903-ஆம் ஆண்டில் கணக்கிட்டு விளக்கினார். அமெரிக்க அறிஞர் இராபர்ட் காடார்டும் கதை படித்துக் கனவு கண்டவரே. செவ்வாயிலிருந்து பகைவர் வந்து இறங்குவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய புதினம் இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நீர்ம எரிபொருளால் இயங்கும் முதல் இராக்கெட்டை அவர் 1926 மார்ச்சு 16 அன்று செலுத்தினார். அது 41 அடி உயரமே எழும்பியது. மூன்று விநாடிக்குள் கீழே விழுந்தது. 43 ஆண்டுகள் கழித்து, 1969-இல், மனிதன் திங்களில் கால் வைத்தான். வெர்னின் கற்பனை கணக்கிற்குக் கட்டுப்பட்டு நின்றது. ஆதலின் அதில் இருந்த பிழையைக் கண்டறியவும் முடிந்தது, களையவும் முடிந்தது.

திங்களைக் கடந்து விண்மீன்களை நோக்கிய புதின ஆசிரியர்களுக்கு இத்தகைய எளிய வழி கிட்டவில்லை. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. வானொலி அலையின் வேகமும் அதுவே. திங்களிலிருந்து ஒரு செய்தி ஒன்றேகால் விநாடியில் வந்து சேரும். செவ்வாயிலிருந்து வருவதற்கு, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். கதிரவனை அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனிலிருந்தோ நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒளியை விஞ்சிய வேகத்தில் பொருளோ செய்தியோ செல்ல இயலாது என்பது ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட கொள்கையின் முடிவு. எனவே அவ்விண்மீனை அடைந்த ஒருவனிடம் பூமியிலுள்ள தாய் நலம் வினவினால், விடை எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அவளை அடையும். அதற்குள் அவன் நலமே மாறியிருக்கக் கூடும் அன்றோ!

இவ்விடத்திற்றான் உளவாற்றல் கதைக்குள் நுழைந்தது. அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் ஹைன்லைன் 1956-இல் இளைஞர்க்கென எழுதிய புதினம் இதற்குச் சிறந்த சான்று. அதன் தலைப்பு ‘விண்மீன்களுக்கான காலம்’ என்று பொருள்படும். டாம், பாட் என்னும் இரட்டையர் ஒருவர் நினைப்பை மற்றவர் அறியும் ஆற்றல் உடையவர்கள். அவர்தம் எண்ணம் ஒளியைப் போல ஆண்டுக்கணக்கில் வழிநடப்பதில்லை. எத்துணைத் தொலைவாயினும் நினைத்தவுடன் சென்று சேர்வது. ஆகவே விண்மீன்களை நாடிச் செல்லும் கலத்தில் ஒருவரும், பூமியில் மற்றவரும் இருந்து செய்தி பரிமாறுதல் வேண்டும் என்று ஏற்பாடாகின்றது. செல்லவிருந்த பாட் விபத்தொன்றில் காயமுற, டாம் செல்கின்றான்.

கலம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, அதனுள் காலம் மெதுவாக நடக்கின்றது. இதுவும் ஐன்ஸ்டைன் கொள்கையின் வழிப்பட்டதே. கலத்தில் சில நாள்கள் கழிவதற்குள் பூமியில் பல மாதங்கள் கழிகின்றன. பாட் மணம் புரிகின்றான், தந்தையாகின்றான், நரை எய்துகின்றான். டாமோ இன்னும் இளைஞனாகவே இருக்கின்றான். ஒன்றாகப் பிறந்த இருவர்க்கும் இடையே பேசுதற்குரிய பொருள் குறைந்து, உள்ளத் தொடர்பும் தளர்கின்றது. பின்னர்ப் பாட்டின் மகளும், பெயர்த்தியும், கொள்ளுப்பெயர்த்தியும் வழிவழியாக அத்தொடர்பை ஏற்கின்றனர். முடிவில் ஊர் திரும்பும் இளைஞன் முதிர்ந்து தளர்ந்த தன் இரட்டையனைக் காண்கின்றான். தொலைவை வென்ற அன்பையும் காலம் பிரித்துவிடும் என்னும் துயரத்தை இத்துணை எளிமையாகச் சொன்ன புதினங்கள் சிலவே.

இக்கதையில் மெய்யும் புனைவும் பாலும் நீரும் போலக் கலந்துள்ளன. வேகத்தால் காலம் மாறுபடும் என்பது மெய். 1971-ஆம் ஆண்டில் நுட்பமான அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவரச் செய்து, தரையிலிருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டனர். வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் கணக்கிட்டவாறே காணப்பட்டது. இரட்டையர் எண்ணம் நொடியும் தாழாது சென்றது என்பதோ புனைவு. அது ஐன்ஸ்டைன் கொள்கைக்கே முரணானது. இம்முரண்பாட்டை ஆசிரியரும் அறிந்தே இருந்தார். கதையின் இறுதியில், அவ்வுள்ளத் தொடர்பை ஆராய்ந்த அறிஞர்கள் ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தைப் படைத்துவிட்டதாக எழுதிச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்.

உளவாற்றலை வெறும் மாயக்கதை என்று அக்கால எழுத்தாளர்கள் தள்ளாமைக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் அதனை ஆராய்ச்சிக் கூடத்திற்குக் கொணர்ந்தார். வட்டம், சதுரம், கூட்டற்குறி, அலைக்கோடு, விண்மீன் என்னும் ஐந்து குறிகள், குறிக்கு ஐந்தாக 25 அட்டைகளில் அச்சிடப்பட்டன. மறைத்து வைத்த அட்டையில் உள்ள குறியை ஒருவர் சொல்லுதல் வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் 25-க்கு ஐந்து சரியாக அமையும். சிலர் அதனினும் மிகுதியாகச் சரியாகச் சொன்னதாக 1934-இல் ரைன் ஒரு நூலில் எழுதினார். அந்நூல் பெரும் பரபரப்பை விளைத்தது. ஆனால் பிறர் ஆராய்ந்தபோது குறைகள் வெளிப்பட்டன. தொடக்கத்தில் பயன்பட்ட அட்டைகள் சிலவற்றில் அச்சின் தடம் பின்புறத்திலும் தெரிந்தது. கட்டுப்பாட்டை இறுக்கிப் பிறர் செய்த சோதனைகளில் அவ்வியப்பான எண்ணிக்கை கிட்டவில்லை.

எனினும் கதையுலகில் அவ்வட்டைகளின் செல்வாக்கு நெடுநாள் நிலைத்தது. அறிவியற் கதை இதழொன்றின் ஆசிரியராக 1937 முதல் 1971-இல் தாம் மறையும் வரை விளங்கிய ஜான் கேம்பெல், டியூக்கில் பயின்றவர். அவர் உளவாற்றற் கதைகளை எழுதுமாறு எழுத்தாளர்களைத் தூண்டினார். தூண்டுதல் அளவு கடந்தது என்றே கூறல் வேண்டும். ஒரே அச்சில் வார்த்த கதைகள் பல அவ்விதழில் வெளிவந்தன. வேறோர் இதழில் தொடராக வந்த ஆல்பிரட் பெஸ்டரின் புதினம் அவ்வாறன்று. அதில் காவலர்கள் குற்றவாளியின் நெஞ்சையே படிப்பவர்கள். கொலைசெய்யத் துணிந்த செல்வன் ஒருவன், எளிதில் மறவாத பாட்டொன்றை ஓயாது மனத்துள் ஓடவிட்டுத் தன் எண்ணத்தை மறைக்க முயல்கின்றான். பாட்டொன்று மனத்தில் ஒட்டிக்கொண்டு நீங்க மறுப்பதை அறியாதார் யார்? சிறந்த அறிவியற் புதினத்திற்கான ஹியூகோ பரிசு 1953-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அந்நூலுக்கே கிடைத்தது.

அதே ஆண்டில் ஆர்தர் கிளார்க் எழுதிய புதினத்தில், மனிதக் குழந்தைகள் அனைவரும் உளவாற்றல் பெற்றுப் பெற்றோரை விட்டு அகன்று, விண்ணில் பரவிய பேருள்ளம் ஒன்றோடு கலந்துவிடுகின்றனர். செய்தித் தொடர்புச் செயற்கைத் துணைக்கோள்களை எங்கு நிறுத்தலாம் என்று 1945-லேயே கணக்கிட்டுச் சொன்னவர் இவர். 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தார். முதுமையில் உளவாற்றலில் தமக்கு ஏறக்குறைய நம்பிக்கையே இல்லை என்று அப்புதினத்தின் பிற்பதிப்பில் வெளிப்படையாக எழுதினார். ஆயினும் கதையை அவர் மாற்றவில்லை. வெறுமையான வீட்டில் நிற்கும் பெற்றோரின் துயர், அறிவியல் மறுத்தலால் பொய்யாகிவிடுவதன்று.

புனைவு ஒருமுறை உண்மையான விண்கலத்திலும் ஏறியது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 கலத்தில் திங்களுக்குச் சென்ற எட்கார் மிட்செல், ஓய்வு நேரத்தில், எவர்க்கும் அறிவியாது, ரைனின் குறிகளை மனத்தில் நினைத்துப் பூமியிலுள்ள நண்பர்க்கு அனுப்ப முயன்றார். கலம் புறப்படுவதில் 40 நிமிடம் தாழ்ந்தமையால், அவர் அனுப்புமுன்னரே நண்பர்கள் குறித்துக்கொண்ட விடைகளும் உண்டு. பயன் விளைந்தது என்று மிட்செல் கருதினார். அறிவியலறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961-இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ என்னும் புதினம் இவ்வரிசையில் தனித்து நிற்கின்றது. தொலைவில் உள்ள ஒரு கோள் முழுவதும் கடல். அக்கடலே ஓர் உயிர். ஆராயச் சென்றோரின் உறக்கத்தில் அது அவர்தம் நினைவுகளைப் படித்து, அவற்றில் புதைந்துள்ள மனிதரை உருவாக்கி அனுப்புகின்றது. இறந்துபோன மனைவி கெல்வின் என்னும் அறிஞன் முன் வந்து நிற்கின்றாள். அக்கடல் அன்பால் அனுப்பியதா, பகையால் அனுப்பியதா, ஆராய்ச்சிக்காக அனுப்பியதா என்பது விளங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அதனைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் நூலகத்தை நிறைத்துள்ளன. கடல் மனிதன் நெஞ்சத்தை முழுதும் படித்துவிட்டது. மனிதனோ கடலின் நெஞ்சத்தில் ஓர் எழுத்தையும் படித்தறியாமல் அதன் கரையில் நிற்கின்றான்.