கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்: காருக்கு அதிக ஒளி பல்பு பொருத்தலாமா?

இரவு நேரத்தில் குடும்பத்தினரை அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு கார் ஓட்டிச் செல்வோர் பலருக்கும் ஒரு குறை உண்டு. ‘காருடன் வந்த முகப்பு விளக்கில் வெளிச்சம் போதவில்லை’ என்பதே அது. பெருநாளுக்கு ஊர் திரும்பும்போதும், வெளியூர்த் திருமணம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும்போதும் இக்குறை பெரிதாகத் தோன்றும். உதிரி பாகக் கடைக்குச் சென்றால், ‘இதைப் போடுங்கள், பகலாகத் தெரியும்’ என்று நீலம் கலந்த வெள்ளொளி வீசும் எல்.இ.டி. பல்பையோ, 100 வாட் ஹாலஜன் பல்பையோ எடுத்து நீட்டுவார்கள். விலையும் சில நூறு, சில ஆயிரம் ரூபாய்தான். வாங்குவதற்கு முன் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன.

விளக்கு எவ்வாறு இயங்குகிறது?

நம் நாட்டில் ஓடும் பல கார்களில் எச்-4 எனப்படும் ஹாலஜன் பல்பு இருக்கிறது. 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் இதனுள் இரண்டு இழைகள் உள்ளன. ‘பிரைட்’ வெளிச்சத்திற்கு 60 வாட், ‘டிம்’ வெளிச்சத்திற்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சிறு கிண்ணம் போன்ற உலோகத் தகடு ஒன்று இருக்கும். இழையின் ஒளி எதிரொளிப்பானின் கீழ்ப்பாதியில் படாமல் அது தடுக்கிறது. இதனால் ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறுவதில்லை.

எதிரொளிப்பான் அந்த இழையின் இடத்தையும் அளவையும் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. இழை ஓரிரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் ஒளியின் போக்கு மாறிவிடும். எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது; தட்டையான ஒளிச் சில்லுகள் இருபுறமும் பதிக்கப்பட்டிருக்கும். எச்.ஐ.டி. எனப்படும் வாயு விளக்கில் ஒளி ஒரு மின்வில்லிலிருந்து பிறக்கிறது. இவற்றை ஹாலஜனுக்காகச் செய்யப்பட்ட விளக்கினுள் திணித்தால் ஒளி கூடும். ஆனால் அது செல்ல வேண்டிய திசையில் செல்லாது. ஹாலஜன் டிம் வெளிச்சம் ஏறக்குறைய 1000 லூமென். 35 வாட் எச்.ஐ.டி. விளக்கோ 3000 லூமென் அளவுக்கு ஒளி தரும். அதில் ஒரு பகுதி சிதறினாலே எதிரில் வருபவரின் பார்வை மங்கிவிடும்.

மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. சிதறிய ஒளி காரின் முன்னே சில மீட்டர் தூரத்தை வெள்ளை வெளேரென்று காட்டும். ஓட்டுபவரின் கண் அந்தப் பிரகாசத்திற்குப் பழகிவிடுவதால், தொலைவில் இருளில் நடந்து செல்பவர் முன்னிலும் மங்கலாகவே தெரிவார். மழையிலும் மூடுபனியிலும் சிதறிய ஒளி நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பும்.

எதிரில் வருபவரின் நிலை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரொளியால் மூன்று நொடிகள் கண் கூசினால், அந்த ஓட்டுநர் 50 மீட்டர் தூரத்தைப் பார்வையின்றியே கடக்கிறார். அந்த 50 மீட்டரில் விளக்கில்லாத ஒரு மிதிவண்டியோ, ஒரு மாட்டு வண்டியோ, சாலையைக் கடக்கும் ஒரு முதியவரோ இருக்கலாம். வயது ஏற ஏறக் கூச்சத்திலிருந்து கண் மீளும் நேரமும் நீளும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கண் கூசிய அந்த ஓட்டுநர் நிலை தடுமாறினால், அவர் மோதக்கூடியது உங்கள் காராகவும் இருக்கலாம்.

சட்டம் சொல்வது என்ன?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதைத் தெளிவாக வரையறுக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வாகனத்தின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதவாறு ஒளி தாழ்ந்திருக்க வேண்டும். எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் இடம் அதுவே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம், அனுமதியில்லாத முறையில் உதிரி பாகம் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி செய்தது. ‘கடையில் விற்கிறார்களே’ என்னும் வாதம் உரிமையாளரைக் காப்பாற்றாது. அதே வகை, அதே வாட் கொண்ட புதிய பல்பை மாற்றுவதில் தடையேதும் இல்லை.

ஜெர்மனியில் 2020 முதல் ஹாலஜனுக்குப் பதிலாகச் சில எல்.இ.டி. பல்புகள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் அந்த அனுமதி, சோதித்துப் பார்க்கப்பட்ட குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டுமே. பல்பு மட்டும் தரமாக இருந்தால் போதாது. விளக்குடன் அது பொருந்த வேண்டும் என்பதே இதன் கருத்து.

தீ ஆபத்து

60 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்புகளோ ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். மின்கம்பியில் உண்டாகும் சூடு இதனால் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஹோல்டர் உருகுவது, சுவிட்சு கருகுவது, எதிரொளிப்பானின் பூச்சு கெடுவது ஆகியவை இதன் விளைவுகள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸைப் போட்டுவிட்டால், காருக்குள் தீயை அழைத்து வைத்ததற்குச் சமம். வயரை வெட்டி ஒட்டிய காரில் தீப்பிடித்தால், உத்தரவாதமும் காப்பீட்டுத் தொகையும் கேள்விக்குள்ளாகும்.

நேர்மையான வழிகள்

1. விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்திருந்தால் மெருகேற்றுங்கள், முடியாதெனில் மாற்றுங்கள். பல கார்களில் உண்மையான குறை இதுவே.

2. மின் இணைப்புகளைச் சோதியுங்கள். துருப்பிடித்த இணைப்பால் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

3. பழைய பல்புகளை இணையாக மாற்றுங்கள். 60/55 வாட் குறிப்பும், வட்டத்தினுள் ‘இ’ முத்திரையும் உள்ளனவா எனப் பாருங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். படியும் எண்ணெய்ப் பசை சூடேறிப் பல்பைக் கெடுக்கும்.

4. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் விளக்கைப் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 5 செ.மீ. அளவேனும் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் பணிமனையில் சரிசெய்யுங்கள்.

5. பின்னே ஆட்களும் மூட்டைகளும் நிறைந்தால் காரின் முன்புறம் உயரும். ஒளியைத் தாழ்த்தும் திருகு உங்கள் காரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

6. எதிரே வாகனம் வரும்போது டிம் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் இருட்டாகவே தோன்றினால், வேகத்தைக் குறையுங்கள். கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். குறை விளக்கில் இல்லாமல் கண்ணாடியின் பவரிலோ, தொடங்கியிருக்கும் கண்புரையிலோ இருக்கக்கூடும்.