நடுக்கத்தின் இருப்பிடம்

திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் சாலையில் வடமாலபேட்டையைத் தாண்டினால் புத்தூர். கை முறிந்தால் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் கிளம்பிப் போய்ப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கை என்றால் எலும்பும் சதையும்தான் என்று நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்குக் கை நடுங்கினால், 'தெம்பு இல்லை, வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். அந்த முடிவு தவறு. கைக்கு நிதானம் தருவது மூளை.

தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தூக்கும்போது, பெருமூளையிலிருந்து கிளம்பும் கட்டளை தண்டுவடம் வழியாகத் தசைக்கு இறங்குகிறது. டம்ளர் சாய்வதைக் கண் பார்த்து, மூளை அறிந்து, கையைத் திருத்துவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஓடிவிடும். அதற்குள் தண்ணீர் சிந்திவிடும். ஆகவே கை அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துத் திருத்தும் வேலையைப் பின்தலையிலுள்ள சிறுமூளை செய்கிறது. முதல் உலகப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் சோதித்தார். சிறுமூளையின் எந்தப் பக்கம் காயமோ, அந்தப் பக்கத்துக் கைதான் தடுமாறியது. அடிபட்டது தலையில், நிதானம் போனது கையில்!

களைத்தால் எல்லோருக்கும்தானே கை நடுங்குகிறது என்று கேட்கலாம். உண்மைதான். நொடிக்குச் சுமார் பத்து முறை அதிரும் மெல்லிய நடுக்கம் நல்ல உடம்பிலும் உண்டு. களைப்பும் பயமும் காப்பியும் அதைக் கூட்டும், ஓய்வெடுத்தால் தணியும். ஆனால் பார்க்கின்சன் என்ற மூளை நோயில், மடியில் சும்மா கிடக்கும் கைதான் அதிகம் நடுங்குகிறது. எதையாவது எடுக்க நீட்டினால் குறைகிறது, தூக்கத்தில் நின்றேவிடுகிறது. சிறுமூளை கெட்டால் இதற்கு நேர்மாறு: சும்மா இருக்கும் கை அமைதியாக இருக்கும், டம்ளர் வாயை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். பலவீனம்தான் காரணம் என்றால், ஓய்வில் நடுங்கும் கை வேலை செய்யும்போது அடங்குமா?

மூளைக் கோளாறு என்று தெரிந்து என்ன பயன் என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளை அதிலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது. இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான். சிறுமூளை நடுக்கத்துக்கு அது உதவாது. அதனால் விதையை நீங்களாகவே பொடித்துச் சாப்பிட வேண்டாம். வீட்டுப் பெரியவரின் கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, எதையாவது எடுக்கும்போது நடுங்குகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். கவனித்ததை நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.