அம்மி கொத்தாமல் தரை பிடிக்காது

எங்கள் கார் ஷெட்டில் எப்பாக்ஸி பூசிய நான்காவது மாதம், முன் டயர் நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வந்தது. பூசிக் கொடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பொருக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஒரு கீறல்கூட இல்லை. அடிப்பக்கம் முழுக்க விபூதி பூசினது போல மெல்லிய சிமெண்ட் தூள். பூச்சு இறுக்கமாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்தது தூளை. அன்றிலிருந்து யார் என்னிடம் "எந்தப் பூச்சு வாங்கலாம்?" என்று கேட்டாலும், "உங்கள் தரை எப்படி?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

எப்பாக்ஸி நமக்குப் புதிய பொருள் இல்லை. உடைந்ததை ஒட்ட அரால்டைட் வாங்கி, இரண்டு டியூபிலிருந்தும் பிதுக்கிக் குச்சியால் கலக்குவோமே, அதே குடும்பம்தான். ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். தண்ணீர் சேர்ந்த சாதாரண பெயிண்ட் காய்வது வடகம் காய்வது மாதிரி: ஈரம் போகிறது, மிச்சம் கெட்டியாகிறது. எப்பாக்ஸி இறுகுவது முட்டை வேகுவது மாதிரி. உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. அவித்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாதது போல, இதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இன்ஜின் ஆயில் சிந்தினாலும் துணியால் துடைத்தால் போய்விடுவது இந்தப் பின்னலால்தான்.

ஹார்டனரை உறைமோர் போல நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஒரு ஸ்பூன் மோர் போதும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகிப் பாலைத் தயிராக்கிவிடும். ஹார்டனர் பெருகாது, ரெசினோடு சேர்ந்து தானும் பூச்சின் பாகமாகிவிடும். ஆகவே டப்பாவில் போட்டிருக்கும் அளவு, கொழுக்கட்டை மாவுக்குத் தண்ணீர் அளக்கிற அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் துணை கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, பூச்சு பலமிழந்து நிற்கும். வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்காவிட்டாலும் அதே கதைதான், அங்கங்கே பிசுபிசுக்கும்.

கலக்கிய பிறகு வாளி தானாகச் சூடேறும். புளியோதரைக்கு வடித்த சோற்றை ஏன் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புகிறோம்? பாத்திரத்திலேயே விட்டால் சூடு வெளியேற வழியின்றிக் குழைந்துவிடும் என்பதால்தான். எப்பாக்ஸியும் வாளியில் குவிந்து கிடந்தால் தன் சூட்டாலேயே வேகமாக இறுகும். 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்கும் கலவை, 35 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 20 நிமிடம்தான் தாங்கும். கலக்கியதும் தரையில் கொட்டிப் பரப்பிவிட்டு ரோலரைக் கையில் எடுங்கள்.

இனி தரைக்கு வருகிறேன். கான்கிரீட் போட்டுத் தேய்க்கும்போது நைசான சிமெண்ட் மேலே மிதந்து வந்து ஒரு பாலாடையாகப் படியும். பார்க்க வழவழப்பாக அழகாக இருக்கும். ஆனால் பலமே இல்லாத தோல் அது. என் பொருக்கின் அடியில் ஒட்டியிருந்தது அந்த ஆடைதான். இதற்கு மருந்து அம்மி கொத்துவது. வழவழத்துப் போன அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். உளியால் கொத்திப் பொளிந்தால்தான் பிடிக்கும். தரையில் அந்த வேலையை வைரப் பல் வைத்த கிரைண்டர் செய்கிறது. தேய்த்து முடித்த தரை, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்க வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குப் பெரிய கேடு. துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்காதீர்கள். தூசியை உறிஞ்சும் வேக்யூமும் சரியான மாஸ்க்கும் கட்டாயம்.

கிரைண்டருக்குப் பதில் ஆசிட் ஊற்றலாம் என்பார்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது போல அது சிமெண்ட் ஆடையை அரித்து எடுக்கும், உண்மைதான். ஆனால் பழைய ஆயில் கறையை அது தொடாது. ஆயில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதுபோல தரையில் நாலு இடத்தில் தெளித்துப் பாருங்கள். உள்ளே இறங்கினால் நல்லது. எண்ணெய்க் கல்லில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றால், அங்கே பூச்சும் அப்படியேதான் நிற்கும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஈரம். பூரி உப்புவது எப்படி? மேல்தோல் இறுகிவிடுகிறது, உள்ளே மாவின் ஈரம் ஆவியாகிறது, வெளியேற வழி இல்லாமல் தோலைத் தூக்குகிறது. அடியில் பாலித்தீன் விரிக்காமல் போட்ட தரைத்தளத்தில் மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். மேலே எப்பாக்ஸி மூடினால் நாளடைவில் கொப்புளம்தான். சோதிப்பது சுலபம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுங்கள். சாம்பார் மூடியில் நிற்பது போல அடியில் வேர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ சாதாரண எப்பாக்ஸி வேண்டாம். ஈரத்தைத் தாங்குகிற தனி பிரைமர் தேவைப்படும், செலவு கூடும். புது கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் காத்திருங்கள்.

ஈரத் தரைக்கு எனக்குப் பிடித்த வழி சிலிகேட் திரவம். அது மேலே படலமாக உட்காராது. ஜாமூன் பாகு குடிப்பது போல கான்கிரீட் அதைக் குடிக்கும், சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே கெட்டிப்படும். உரிய தோலே இல்லை என்பதால் உரியாது. தூசி எழாது. ஆயில் கறை மட்டும் படியும்.

காய்ந்த, கொத்திய தரைக்கு எப்பாக்ஸியே போதும். ஆனால் கனம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் 1 மில்லிமீட்டர் நிற்கும். 20க்கு 10 அடி ஷெட்டில் கால் மில்லிமீட்டர் நிற்க நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தேவை. அதுவும் எதுவும் ஆவியாகாத வகைக்குத்தான். தண்ணீர் கலந்த வகையில் பாதி பறந்துவிடும், ஆக இரண்டு மடங்கு வாங்க வேண்டும். மெல்லிய பூச்சைத்தான் சூடான டயர் முதலில் உரிக்கிறது.

ஷெட் வாசலில் வெயில் விழுமென்றால் அங்கே எப்பாக்ஸி மஞ்சளடிக்கும். மேலே ஒரு கோட் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் அடித்துவிடுங்கள். மழைத் தண்ணீரோடு கார் ஏறும் சரிவில் ஈரப் பூச்சின்மேல் குவார்ட்ஸ் மணலைத் தூவினால் கால் வழுக்காது.

இரண்டாம் முறை நான் தரையைக் கொத்திவிட்டுத்தான் எப்பாக்ஸி பூசினேன். கிரைண்டருக்கு ஆன செலவு பூச்சுக்கு ஆனதைத் தாண்டியது. வெல்டிங் மேசை நிற்கும் மூலையை மட்டும், பொறி விழுந்து கருகும் என்பதால், டேப் ஒட்டி வெறும் கான்கிரீட்டாகவே விட்டேன். மறுநாளே நடக்க முடிந்தது. ஆனாலும் ஏழு நாள் கார் தெருவில்தான் நின்றது.