கோப்புக்குள் ஓர் அச்சகம் – 9: கடைசி வரியில் ஒரு ‘சி’

அச்சுக் கோப்பில் டேக் பிழை தேடும் கருவிக்குப் பக்கத்தின் அழகைப் பற்றிக் கவலை கிடையாது. திறந்த டேக் மூடப்பட்டதா, ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்குகிறதா, இந்த டேக் இந்த இடத்தில் வரலாமா: இந்த மூன்றைத்தான் அது பார்க்கும். டேக் என்பது கோப்பில் ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அது என்ன வகை என்று காட்டும் குறி.

புதுச்சேரியில் இந்தக் கருவிக்கு வேலை அதிகம். 1994-இல் இங்கே தொடங்கப்பட்ட இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் பக்கம் அமைத்துக் கொடுக்கின்றன. இந்தத் தொழிலில் எக்ஸ்எம்எல் என்ற டேக் முறையில் எழுதிய ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கும் இணையத்துக்கும் கட்டுரை போவது வழக்கம். கோப்பு உடைந்தால் இரண்டுமே நிற்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது ஆகிற காரியமல்ல. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் எல்லாம் வரிசையாகச் சோதனையாகிவிடும்.

எக்ஸ்எம்எல்லிண்ட் என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொள்ளலாம். தாவரப் பெயர் ஒன்றுக்காக 212-ஆம் வரியில் சாய்வெழுத்து டேக் திறக்கிறது, மூட மறந்தாயிற்று, 214-இல் பத்தி முடிகிறது. கருவி 214-ஐத்தான் முதலில் காட்டும்: 212-இல் திறந்த சாய்வெழுத்தும் இங்கே மூடுகிற பத்தியும் பொருந்தவில்லை என்று. அதன் பின்னாலேயே வேறு பிழைகளும் வரலாம். பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் பாதி காணாமல் போகும்.

இதற்கு மூத்தது ஜேம்ஸ் கிளார்க் எழுதிய என்எஸ்ஜிஎம்எல்எஸ். இந்த வாரத்தின் நாயகன் இதுதான். எக்ஸ்எம்எல்லுக்கு முன்னோடியாக 1986-இல் சர்வதேசத் தரமான எஸ்ஜிஎம்எல்லில் சில டேக்குகளை மூடாமலே விடலாம். எது எங்கே முடிகிறது என்பதைக் கருவியே விதிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும். அப்படி ஊகித்ததை அது வரிவரியாக எழுதிக் காட்டும். டேக் திறந்தால் வரியின் தொடக்கத்தில் இடது அடைப்புக்குறி, மூடினால் வலது அடைப்புக்குறி, டேக்குக்குள் பண்பு வந்தால் ‘ஏ’, வெறும் எழுத்துக்கு ஒரு சிறுகோடு. கோப்பு முழுவதும் விதிப்படி அமைந்திருந்தால் கடைசி வரியில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்து விழும். ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது வராது. பாராட்டுரை இவ்வளவு சுருக்கமாக இருந்தால் நம்பத் தோன்றுகிறது. 1998-இல் எக்ஸ்எம்எல் தரமானபோது அதன் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவரும் இதே கிளார்க்தான். எக்ஸ்எம்எல் என்ற பெயரும் அவர் தந்ததே.

டேக் சோதனை அச்சுத் தொழிலுக்கு மட்டுமல்ல. புதுச்சேரி டுமாஸ் தெருவில் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளி பங்கேற்று 2019-இல் தொடங்கிய தார்மா திட்டத்தில் கல்வெட்டுகளும் எக்ஸ்எம்எல் கோப்புகளாயின. தெளிவில்லாத எழுத்துக்கு ஒரு டேக், பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதற்கு ஒரு டேக், அடியோடு அழிந்த இடத்துக்கு ஒரு டேக். எந்த டேக் எங்கே வரலாம் என்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். கல்லில் இருப்பதைச் சரியாகப் படித்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

தமிழில் இன்னொரு தொல்லை. ஔவை என்பதன் முதலெழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். டேக் எல்லாம் சரியாக இருப்பதால் என்எஸ்ஜிஎம்எல்எஸ் தாராளமாக ‘சி’ போடும். தேடலில் மட்டும் ஔவை அகப்பட மாட்டாள். ‘ஒள’ வருகிற இடங்களை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்றால், ‘ஒளி’யும் சேர்ந்து கெடும். 1855-இலும் 1862-இலும் இதே ஊரில் பாதிரிமார் அச்சகம் தமிழ்–பிரெஞ்சு அகராதியை இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது கையால் எழுத்துக் கோத்தவர்களுக்கு இந்தச் சிக்கலைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்ததில்லை: தாளில் கண்ணுக்குத் தெரிவதுதான் எழுத்து.

லேட்டெக் என்ற பக்க அமைப்பு முறையின் கோப்புகளைச் சோதிக்கும் செக்டெக் கருவியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. இடத்தை ‘சி’ எடுத்துக்கொண்டது; செக்டெக் அடுத்த வாரம்.