சிறுவனைத் தூக்க எத்தனை பலூன் வேண்டும்?

திருவிழாவில் வாங்கிய வாயு பலூன் கைநழுவி மேலே போய்விட்டதா உங்களுக்கு? அண்ணாந்து பார்த்தபடி நின்றிருப்பீர்கள். அது திரும்பி வந்து, நாய்க்குட்டி மாதிரி உங்கள் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்கும் வந்தால் எப்படி இருக்கும்?

இந்தக் குழந்தைக் கற்பனையைத்தான் ஆல்பர்ட் லாமொரீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1956-இல் ‘சிவப்பு பலூன்’ என்ற குறும்படமாக எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம் எல்லாம் அவரே. நடித்த சிறுவன் அவருடைய மகன் பாஸ்கல். பாரிஸ் நகரின் மெனில்மோந்தான் பகுதியில், விளக்குக் கம்பத்தில் சிக்கிய பலூனைச் சிறுவன் விடுவிக்கிறான். அன்று முதல் இருவரும் நண்பர்கள். பொறாமை கொண்ட பையன்கள் பலூனை உடைத்துவிடுகிறார்கள். உடனே ஊரிலுள்ள பலூன்களெல்லாம் பறந்து வந்து, அழுதுகொண்டிருக்கும் சிறுவனை வானில் தூக்கிச் செல்கின்றன.

இதை என் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, “இயற்பியல் படித்தால் இந்தப் படத்தை ரசிக்க முடியாது போலிருக்கிறதே, ஐயா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிவு வளர்ந்தால் கற்பனை செத்துவிடும் என்பது உண்மையானால், நான் செய்யும் தொழிலே பாவமல்லவா? சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் என்றேன். நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

30 செ.மீ. விட்டமுள்ள பலூனின் கன அளவு சுமார் 14 லிட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அது விலக்கும் காற்றின் எடையே அதை மேலே தள்ளும் விசை. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஆகவே 14 லிட்டருக்கு 17 கிராம். உள்ளே இருக்கும் ஹீலியம் சுமார் 2.5 கிராம். ரப்பரும் நூலும் 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் தூக்கும் திறன் சுமார் 10 கிராம்தான்! 20 கிலோ எடையுள்ள சிறுவனைத் தூக்க 2,000 பலூன்கள் வேண்டும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கன அளவு 8 மடங்காகும். அப்போதும் இருநூறு பலூன்களுக்கு மேல் தேவைப்படும். திரையில் தெரிவதோ ஒரு கொத்து.

அப்படியானால் படம் பொய்யா? சற்றுப் பொறுங்கள். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஹீலியம் நிறைந்த பலூனை விட்டால் மேலேதான் போகும். சிறுவனின் தோளருகே நிற்காது. நிற்க வேண்டுமானால் மேல்நோக்கு விசையும் எடையும் சரிசமமாக வேண்டும். சமன் செய்துவிட்டாலோ சிறு காற்றும் அதை இழுத்துப் போய்விடும். போதாததற்கு, ஹீலியம் அணு மிகச் சிறியது. ரப்பரின் வழியே கசிந்துவிடும். இன்று துள்ளும் பலூன் நாளை தரையில் கிடக்கும். ஆனால் திரையில் அது எப்போதும் அதே பலூனாகத் தெரிய வேண்டும்! பலூனை நடிக்க வைக்க விரும்புகிறவர் இயற்பியலோடு தினமும் மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

ஆந்த்ரே பஸான் என்ற புகழ்பெற்ற திரை விமர்சகர் இந்தப் படத்தில் ஒன்றைக் கவனித்தார். தந்திரம் இருக்கிறது; ஆனால் அது காட்சிகளை வெட்டி ஒட்டிச் செய்ததல்ல. பலூன் காமிராவின் முன்னால் உண்மையாகவே அசைகிறது. ஆய்வுக்கூடத்தில் சோதனையைக் கண்ணெதிரே பார்ப்பது போல, சிறுவனையும் பலூனையும் ஒன்றாகப் பார்க்கிறோம், ஆகவே நம்புகிறோம்.

படம் 34 நிமிடம் ஓடுகிறது. வினாடிக்கு 24 சட்டம் என்றால் 48,960 படங்கள்! ஒரு நொடியில் தோன்றும் கற்பனையை இத்தனை படங்கள் வரை கைவிடாமல் கொண்டு செல்வதுதான் கடினம். முடித்ததற்குப் பலன் கிடைத்தது. 1956-இல் கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருது. பின்னர் திரைக்கதைக்கு ஆஸ்கார். பேச்சே அநேகமாக இல்லாத படத்துக்குத் திரைக்கதை விருது!

1970-இல் ஈரானில் ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் விபத்தில் லாமொரீஸ் இறந்தார். படம் பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, மனைவியும் மகனும் அதை முடித்தார்கள். 1978-இல் அது வெளிவந்தது. பலூனோடு நடந்த சிறுவன், வளர்ந்து அப்பாவின் வேலையை முடித்து வைத்தான்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எத்தனை பலூன் வேண்டும் என்று தெரியாதவனுக்கு அந்தக் கடைசிக் காட்சி வெறும் வேடிக்கை. தெரிந்தவனுக்கோ, எந்த இடத்தில் விதியைத் தாண்டிக் கனவு தொடங்குகிறது என்பது புலப்படும். அப்போது ரசனை கூடுமே தவிரக் குறையாது.

அடுத்த திருவிழாவில் ஒரு வாயு பலூன் வாங்குங்கள். சில பலூன்களில் தீப்பற்றும் ஹைட்ரஜன் இருக்கும். ஆகவே விளக்கருகே கொண்டு போகாதீர்கள். நூலில் காகித ஊசிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, பலூன் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு மெல்ல நடந்து பாருங்கள். அது உங்கள் பின்னால் வருகிறதா?