‘அரியலூரில் என்ன சார் இருக்கு?’

எங்கள் மேனேஜர் பிரான்ஸ் போய்விட்டு வந்தார். போனது ஒன்பது நாள். வந்த பிறகு அதைப் பற்றிப் பேசியது ஒன்றரை மாதம்!

லஞ்ச் நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“இது லுவார் நதிப் பள்ளத்தாக்கு. ஆத்தோரம் பூரா கோட்டை, அரண்மனை, திராட்சைத் தோட்டம். கோட்டைக்குக் கல் எடுத்தான் பாருங்க, அந்தச் சுண்ணாம்புக் கல் குகைக்குள்ளேயே ஒயினை வெச்சிருக்கான். கல்லுக்கு வயசு ஒன்பது கோடி வருஷம்! ஒரு காலத்துல அந்த இடம் கடலா இருந்துதாம். ஹும்... நம்ம பக்கம் என்ன இருக்கு?”

இத்தோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பினார். “உங்க ஊர் அரியலூர்தானே? அங்கே என்ன சார் இருக்கு? சிமென்ட்டும் புழுதியும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்கிரிமென்ட் நெருங்குகிற நேரத்தில் மேனேஜர் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால், ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது கோபமாகக்கூட இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. பிறந்தது, பத்தாவது வரை படித்தது எல்லாம் அங்கேதான். பொங்கலுக்குப் போவேன், சாப்பிடுவேன், தூங்குவேன், ரயிலேறி வந்துவிடுவேன். சுற்றிப் பார்த்தது? சுத்தமாக இல்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். கூடவே பக்கத்து சீட் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கே கூப்பிட்டாலும் வருவார்.

பெரம்பலூரில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. மாமா வீட்டில் காபி. மாமா பைக் சாவியைக் கொடுத்துவிட்டு, “எங்கடா கிளம்பிட்டே?” என்றார்.

“ஊரைச் சுத்திப் பார்க்க, மாமா.”

“எதை?”

ஆக, மாமாவும் மேனேஜர் கட்சிதான்!

சென்னை ரோட்டிலேயே வடக்கே திரும்பிப் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. இந்தக் கோட்டையை நான் பஸ் ஜன்னல் வழியாக நூறு தடவையாவது பார்த்திருப்பேன். இறங்கியது அன்றைக்குத்தான். 17-ம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப்புக்குக் கீழே இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி. 1751-ல் இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சண்டை. சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரன், முகமது அலிக்குத் துணையாக இங்கிலீஷ்காரன்.

“பார்த்தீங்களா சார், உங்க மேனேஜரோட பிரான்ஸ்காரன் அப்பவே உங்க ஊருக்கு டூர் வந்துட்டான்!” என்றார் தம்பி.

உச்சியில் நல்ல காற்று. கீழே நெடுஞ்சாலையில் கார்கள் நிற்காமல் பறந்துகொண்டிருந்தன. நேற்று வரைக்கும் நானும் அதில் ஒருவன்.

அங்கிருந்து சாத்தனூர். இங்கே ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். அதாவது ஒரு பஸ்ஸைவிட நீளம்! 1940-ல் இதை உலகத்துக்குச் சொன்னவர் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். 12 கோடி வருஷப் பழசு என்று சொல்கிறார்கள். அப்போது இந்தப் பக்கமெல்லாம் கடல். கரையோரம் நின்ற மரம் விழுந்து, சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு துளியும் போன இடத்தில் கனிமம் வந்து உட்கார்ந்துகொண்டது. உருவம் மரம், உடம்பு கல்.

எங்களைத் தவிர அங்கே பார்வையாளர் யாரும் இல்லை. வேலிக்கு வெளியே இரண்டு ஆடுகள், அவ்வளவுதான்.

குன்னத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். இந்த ஊர் 2020-ல் பேப்பரில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? தூர்வாரின இடத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, ‘டைனோசர் முட்டை!’ என்று பரபரப்பு. நிபுணர்கள் வந்து பார்த்து, ‘முட்டையும் இல்லை, கோழியும் இல்லை. கடல் பிராணி அம்மோனைட் சம்பந்தப்பட்ட கல்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சிரிக்காதீர்கள். நிஜ டைனோசரும் இங்கே இருந்திருக்கிறது. அரியலூர் பக்கம் கள்ளமேடு என்ற கிராமத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987-ல் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பேர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய மிருகங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. தீர்ப்பு சொல்லத்தான் வழியில்லை. எலும்பு உதிர்ந்து பொடியாகிவிட்டது!

பெரம்பலூர் எல்லை முடிந்து அரியலூர் ஆரம்பம். பாவம், இந்த மாவட்டத்தின் கதையே தனி. 2001-ல் பெரம்பலூரை விட்டுத் தனிக்குடித்தனம், 2002-ல் திரும்பவும் கூட்டுக் குடும்பம், 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம். எந்த மாமியார் காரணமோ!

அரியலூரைத் தாண்டி வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். நத்தை மாதிரி சுருண்ட ஒரு கல். அம்மோனைட்.

இது எங்கள் அப்பாயியின் கல்!

அதே கல் இல்லை. ஆனால் அதே ஜாதி. எங்கள் வயலில் ஏர் ஓட்டினபோது கிடைத்தது என்று அப்பாயி சொல்லும். ஊறுகாய் ஜாடி மேல் பாரம் வைக்க அதைத்தான் வைத்திருக்கும். நாங்கள் அதை உருட்டி விளையாடியிருக்கிறோம். அப்பாயி போன பிறகு கல்லும் எங்கேயோ போய்விட்டது. யாரும் தேடவில்லை. கல்தானே!

டைனோசர்கள் அழிந்த காலத்தோடு அம்மோனைட்டும் அழிந்துபோயிற்று. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால். அதுவரை இந்தக் கடலில் நீந்தின சிப்பி, நத்தை, பவளம் எல்லாவற்றையும் தேடி 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய், ஆராய்ச்சி எழுதி, 1862-ல் பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பாறைகளை வகை பிரித்துப் பேரும் வைத்துவிட்டார். அதில் ஒரு வகைக்கு அரியலூர் பேரேதான். மேனேஜர் பார்த்த லுவார் கல்லும் நம் பாறைகளும் கிட்டத்தட்ட ஒரே யுகம். அவன் கல்லைக் குடைந்தான், ஒயினை வைத்தான். நாம் கல்லைச் சுட்டோம், சிமென்ட் ஆக்கினோம்.

வெளியே வந்ததும் தம்பியிடம், “ஒரு இடம் பார்த்துட்டுப் போகலாம்” என்றேன். பைக் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

போய் நின்ற இடத்தில் ஒரு பெரிய பள்ளம். ஓரமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாக அடுக்கு அடுக்காகச் சுண்ணாம்புப் பாறை. அடியில் பச்சைத் தண்ணீர்.

“அழகா இருக்கே சார்! இது என்ன ஏரி?”

“ஏரி இல்லை. எங்க வயல்.”

தம்பி ஒன்றும் பேசவில்லை. நான்தான் சொன்னேன். 2009-ல் சுரங்கத்துக்காக நிலம் கேட்டு வந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. அப்பாவுக்குத்தான் மனசில்லை. “விற்றுடலாம்ப்பா, மெட்ராஸ்ல ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் ஆகும்” என்று மூன்று மாதம் நச்சரித்தது நான். இன்றைக்கு நான் குடியிருக்கிற அந்த ஃபிளாட்டின் சிமென்ட் எந்த ஊர்க் கல்லோ! நல்ல வியாபாரம்தான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இந்தப் பக்கம் நான் வரவில்லை.

தம்பி குனிந்து, சிப்பி பதிந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து, “மேனேஜருக்குக் காட்டலாம் சார்” என்று பாக்கெட்டில் போட்டார். “போட்டோ எடுத்துக்குங்க. கல் இங்கேயே இருக்கட்டும்” என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. உடனே வைத்துவிட்டார்.

சாயங்காலம் கரைவெட்டி ஏரி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வரித்தலை வாத்து என்று ஒன்று, இமயமலையையே தாண்டிப் பறந்து இந்த ஏரிக்கு வருகிறது. வாத்துக்குத் தெரிந்த அட்ரஸ் எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்!

ராத்திரி அரியலூரில் எங்கள் வீடு. சாப்பிடும்போது அப்பா, “எங்கெல்லாம் போனே?” என்றார். எல்லாம் சொன்னேன். வயலுக்குப் போனதையும் சொன்னேன். இலையைப் பார்த்துக்கொண்டே, “தண்ணி நிக்குதா?” என்று மட்டும் கேட்டார். “நிக்குதுப்பா.” அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை ஜெயித்த ராஜேந்திர சோழனின் தலைநகரம். கோயில் விமானம் சுமார் 55 மீட்டர். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சுற்றுகிற சிற்பத்தின் முன்னால் தம்பி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் எனக்கு மனதில் நின்றது மதில்தான். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினபோது, கல்லுக்காக இந்தக் கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணைக்கரையில் இன்றைக்கும் அந்த அணை நிற்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. சோறு போடுகிற அணையைத் திட்டவா முடியும்? கல்லைப் பெயர்த்தவர்களும் ஏதோ ஒரு இடத்தில், ‘இது வேண்டாம், இது நிற்கட்டும்’ என்று கையை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் விமானம் மிச்சம்.

நாங்கள் எதை மிச்சம் வைத்தோம்? ஊறுகாய் ஜாடிக் கல்லைக்கூட வைக்கவில்லையே!

திங்கட்கிழமை லஞ்ச். இந்தத் தடவை என் செல்போனை நான் நீட்டினேன். கோட்டை, கல்மரம், வாத்து, கோபுரம்... மேனேஜர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“எல்லாம் சரி. ஒயின் கிடைக்குமா?”

“ஒயின் ஷாப் இருக்கு சார்!” என்றார் தம்பி.

மேஜையே அதிர்ந்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். அடுத்த போட்டோவைத் தள்ளினார். பச்சைத் தண்ணீர்.

“இது என்ன ஏரி? அழகா இருக்கே!”

தம்பி என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸை மூடினேன். “அது கொஞ்சம் பெரிய கதை சார். சாயங்காலம் சொல்றேன்.”

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது என் மகனிடம். ஆறாவது படிக்கிறான். டைனோசர் பேரெல்லாம் தலைகீழாய்ச் சொல்வான். அப்பாவின் ஊர் எது என்று கேட்டால் மட்டும் யோசிப்பான். வருகிற பொங்கலுக்கு அவன் தாத்தாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போகப் போகிறோம்.