ஏற்காடு செலவுக்கு ஏற்காடு காப்பி!

பங்குனி பிறந்தால் போதும், சேலத்து வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். ‘‘லீவுக்கு எங்கப்பா போறோம்?’’

குடும்பத் தலைவர் பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கொள்வார். பேச்சு ஊட்டியில் ஆரம்பித்து, கொடைக்கானல் வழியாக இறங்கி, கடைசியில் ‘‘சரி, ஏற்காடே போலாம்’’ என்று முடியும். முப்பது கிலோமீட்டர் தூரம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஐயாயிரம் அடி உயரம். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பட்டப்பெயர் வேறு. அந்தப் பெயரை வைத்தவர், மே மாதம் கோடை விழா நடக்கும்போது சனிக்கிழமை மத்தியானம் அங்கே ரூம் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்!

நான் பி.காம். படித்தவன். எதையும் பேலன்ஸ் ஷீட்டாகப் பார்க்கிற வியாதி உண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு ராத்திரி. ரூம், சாப்பாடு, ஏரியில் படகு, மலர்க் கண்காட்சி, பக்கோடா பாயிண்ட்டில் பஜ்ஜி, சேர்வராயன் கோயில் வரை ஜீப், சின்னவனுக்கு ஒரு தொப்பி (அதை அவன் லேடீஸ் சீட்டில் காற்றில் விடுவான்)... சிக்கனமாகப் போட்டாலும் 12,000 ரூபாய் வருகிறது. மாசச் சம்பளக்காரன் ஒரே மாசத்தில் 12,000 எடுப்பது என்றால், மயக்க மருந்து இல்லாமல் பல் பிடுங்குவது மாதிரிதான்.

இந்த வலி தெரிந்த ஒரு கூட்டம் ஊரில் இருக்கிறது. ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், பார்ட் டைம், படிப்பு தேவையில்லை’ என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டும். இப்போது வாட்ஸ்அப்பிலும் ஒட்டுகிறது.

இந்தக் கட்டுரைக்காகவே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டல் ஹால், ஏ.சி., டீ, இரண்டு பிஸ்கட். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி மேடையேறி, மலேசியாவில் எடுத்த போட்டோ காட்டினார். ‘‘சார், நீங்க ஏற்காட்டுக்கே யோசிக்கறீங்க. நான் போன வருஷம் கோலாலம்பூர்!’’ என்றார். ஒரே கைதட்டல். நாற்பது நிமிஷம் பேசினார். என்ன பொருள் விற்கிறார்கள் என்பது முப்பத்தைந்தாவது நிமிஷத்தில்தான் வந்தது, ஏதோ சத்துப்பொடி. மீதி நேரமெல்லாம் ‘‘நீங்க ஆறு பேரைச் சேருங்க, அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க’’ கதைதான்.

எனக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர், ஏதோ பைனான்ஸ் கம்பெனியில் வேலையாம், பாக்கெட் டைரியில் ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு என்று எழுதிக்கொண்டே வந்தார். கண்ணில் அப்படி ஒரு பிரகாசம். அதே கணக்கை நான் ஏற்காடு மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தேன்.

முதல் கொண்டை ஊசியில் 6 பேர். இரண்டாவதில் 36. ஐந்தாவதில் 7,776. எட்டாவது வளைவு திரும்பும்போது 16 லட்சத்து 79 ஆயிரத்து 616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி சேலம் மாநகராட்சியின் ஜனத்தொகையே 8 லட்சத்துச் சொச்சம்தான். கைக்குழந்தை, கண் தெரியாத பாட்டி எல்லாரையும் சேர்த்தாலும் இரண்டு சேலம் வேண்டும். பன்னிரண்டாவது வளைவில் 217 கோடி, இந்தியா தீர்ந்துபோகிறது. பதின்மூன்றாவதில் 1,306 கோடி, உலகமே தீர்ந்துபோகிறது. ஏற்காடு வர இன்னும் ஏழு வளைவு பாக்கி!

ஆக, கடைசியில் சேர்ந்தவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்கள் கட்டிய பணம்தான் முதலில் சேர்ந்தவரின் கோலாலம்பூர். இது சட்டத்துக்கும் ரொம்ப நாளாகத் தெரியும். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆள் சேர்ப்பதை வைத்து நடக்கும் பிரமிட் திட்டங்களுக்கு அதில் தெளிவாகத் தடை. விற்பனைக்கு வருகிறவர் அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டியே நேரம் கேட்காமல் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றுகூட இருக்கிறது. (மாமனார் வீட்டு உறவுகளுக்கு இந்த விதி பொருந்தாது. விசாரித்துவிட்டேன்.)

அதற்காக வீட்டில் வைத்து விற்பதே மோசம் என்று அர்த்தமில்லை. தவணையில் சேலை, அக்ரஹாரத்து அப்பளம், டப்பாவில் முறுக்கு என்று நம் ஊரில் காலங்காலமாக நடப்பதும் நேரடி விற்பனைதான். 1980களில் யுரேகா போர்ப்ஸ் டை கட்டிய பையன்களை வேக்குவம் கிளீனரோடு வீடு வீடாக அனுப்பியது. 1996ல் டப்பர்வேர் வந்து, டிபன் டப்பாவுக்கும் பார்ட்டி வைக்கலாம் என்று நம் பெண்களுக்குக் காட்டியது. 1998ல் ஆம்வே. கம்பெனி எதுவானாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆளே சேர்க்காவிட்டாலும், பொருளை மட்டும் விற்றுக் காசு நிற்குமா?

‘நிற்கும்’ என்று காட்டிய ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். பேர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆபீஸில் ஏற்கெனவே ‘காப்பி சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறுவார். நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் காப்பித்தூள் வாங்கி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். திங்கட்கிழமை காலை அவர் பை திறந்தால் செக்‌ஷன் முழுக்க மணக்கும்.

ஒரு ஞாயிறு நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள். அதன் நிழலில் இடுப்பளவுக் காப்பிச் செடிகள். இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காலத்தில். பெரியவர் வீட்டில் கையால் சுற்றுகிற வறுவல் டிரம் ஒன்று, அரவை மிஷின் ஒன்று, தராசு ஒன்று. அவ்வளவுதான் மூலதனம்.

‘‘ஏழு கிலோ பழம் பறிச்சாத்தாங்க ஒரு கிலோ தூள்’’ என்றார் பெரியவர். ‘‘ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை நிக்கும். அதை வறுத்தா நூத்துக்குப் பதினஞ்சு, இருபது எடை ஆவியாப் போயிரும். பழமாவே வியாபாரிக்குப் போட்டா அவன் சொன்னதுதான் விலை. தூளாக்கித் திண்ணையில வித்தா, நான் சொல்றது விலை.’’

‘‘அப்போ உங்க அப்பா காலத்துலேயே இப்படி வித்திருக்கலாமே?’’ என்று கேட்டேன்.

சிரித்தார். ‘‘வித்திருந்தா கேஸுங்க!’’

உண்மைதான். இன்றைக்கு முப்பது வயதுக்காரர்கள் நம்பமாட்டார்கள். 1942ல் வந்த காப்பிச் சட்டப்படி, தன் தோட்டத்தில் விளைந்த காப்பியை விவசாயி தானே விற்க முடியாது. வீட்டுக் குடிக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். போர்டு ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். இந்த வருஷப் பழத்துக்குக் கடைசித் தவணை வரும்போது செடியில் அடுத்த பழம் சிவந்திருக்கும். விலை விழுந்த காலத்தில் அது ஒரு பாதுகாப்பு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனால் திண்ணைக்கு வந்து நிற்கிற டூரிஸ்ட்டுக்கு ஒரு கிலோ கொடுக்க முடியாது என்பதை எப்படி நியாயப்படுத்துவது? 1992ல்தான் முப்பது சதவீதத்தை உள்நாட்டில் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். 1996ல் எல்லாருக்கும், முழு விளைச்சலுக்கும் கதவு திறந்தது. அரைநூற்றாண்டு பூட்டிக் கிடந்த திண்ணை!

நண்பரின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினேன் (வியாதி!). விலை மாசாமாசம் ஆடுகிறது. ஆகவே கணக்குக்காக, கிலோ 700க்கு வாங்கி 820க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 120 நிற்கும். மாசம் பன்னிரண்டு கிலோவுக்கு 1,440. பெட்ரோல் 150, கவர் 50 போக 1,240. ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாசத்தில் 12,400. ஏற்காடு போய்வந்து, சின்னவனுக்கு இரண்டாவது தொப்பியும் வாங்கலாம்.

பன்னிரண்டு கிலோ என்றால் இருபத்துநாலு அரைக்கிலோ பாக்கெட். அதாவது மாசம் அரைக்கிலோ குடிக்கிற இருபத்துநாலு வீடு. உலக ஜனத்தொகை தேவையில்லை. ஒரு ஆபீஸும் ஒரு தெருவும் போதும்.

அவரிடம் எனக்குப் பிடித்தது இரண்டு பழக்கம். ஒன்று, ஸ்டாக் வைப்பதே கிடையாது. முந்தின வாரமே யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, பெரியவருக்கு போன் செய்துவிடுவார். அரைத்த தூள் இரண்டு மூன்று வாரத்தில் வாசனை இறங்கிப்போகும்; விற்காத காப்பித்தூள் வெறும் பிரவுன் பொடி. ஹால் கூட்டத்தில் ‘முதல் செட்’ வாங்கியவர்கள் வீட்டுப் பரணில் ஷாம்பூவும் சத்துப்பொடியும் தூங்குவதை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, சிக்கரி விஷயத்தில் ஒளிவுமறைவில்லை. கடைகளில் ‘காப்பி’ என்று வாங்குகிற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்க வேண்டும். காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும் என்பது விதி. அதாவது 49 வரை சிக்கரி போகலாம்! சிக்கரி மலிவு, கடையின் லாபம் பெரும்பாலும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. நண்பர் தூய காப்பியாகவே கொடுக்கிறார். ‘‘டிகாஷன் திக்கா இல்லையேன்னு மொதல்ல நாலு பேர் திட்டினாங்க. சிக்கரியை நீங்களே தனியா வாங்கி வேணுங்கறதைக் கலந்துக்குங்கன்னேன். இப்ப அந்த நாலு பேரும் ஒரு கிலோ வாங்கறாங்க.’’

1886ல் அமெரிக்காவில் மெக்கானல் என்பவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றார். கதவைத் திறக்கவைக்க, கூடவே ஒரு சின்னப் பாட்டில் வாசனைத் திரவியம் இலவசம். பெண்கள் புத்தகத்தை வைத்துவிட்டு வாசனையைக் கேட்டார்கள். மனுஷர் புத்தகத்தை விட்டுவிட்டார். பிற்பாடு ஏவான் என்று பெயரெடுத்த கம்பெனி அப்படி ஆரம்பித்ததுதான். வாங்குகிறவர் தானாகக் கேட்கிற பொருள் கையில் இருந்தால் டை கட்டவேண்டியதில்லை.

நமக்கும் ஆசை வந்துவிட்டதா? சட்டைப்பையில் இருக்கும் ஐ.டி. கார்டை ஒரு தடவை பாருங்கள். நீங்கள் அரசு ஊழியர் என்றால், அனுமதி வாங்காமல் வியாபாரம் செய்யக்கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. மத்திய அரசு விதியில், மனைவி செய்தாலும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். (கலெக்டர் காலத்தில் காப்பி மலையேறலாம், கிளார்க் கையில் மலையிறங்கக் கூடாது!) தனியார் கம்பெனிக்காரர்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள், சேர்ந்த அன்றைக்கு யாரும் படிப்பதில்லை. தின்பது, குடிப்பது எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சின்ன அளவில் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். நண்பர் வீட்டில் அந்தச் சான்றிதழ் மனைவி பெயரில் பிரேம் போட்டு, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

‘‘கடன்?’’ என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ‘‘மேனேஜர் மூணு மாசமா தரலைங்க. கேக்கவும் முடியல, குடுக்காம இருக்கவும் முடியல.’’ அந்த 1,230 ரூபாயை நோட்டில் ‘விளம்பரச் செலவு’ என்று எழுதி வைத்திருக்கிறார். பி.காமில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

நாங்கள் கிளம்பும்போது பெரியவர் ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். தை, மாசியில் பறிப்பாராம். போன தடவை கொண்டுபோன இரண்டு கிலோ ஆபீஸ் லிப்டிலேயே தீர்ந்துவிட்டதாக நண்பர் சொன்னார். ‘‘இந்த வருஷம் எத்தனை கிலோ வேணும்னு மார்கழிக்குள்ள சொல்லிப்போடுங்க. அப்புறம் வந்து நின்னா எங்கிட்ட இருக்காது’’ என்றார் பெரியவர். நண்பர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் நோட்டை எடுத்தார். முதல் பெயராக என் பெயரை எழுதினார். அரைக்கிலோ. அட்வான்ஸ் கேட்டார்.